முதல் பெட்டிக்கு வெள்ளைக் கை

எங்கள் குடும்பத்தில் வெள்ளைக் கை என்றால் பெருமை. மீனுக்கு ஐஸ் போட்டுப் பெட்டி கட்டும்போது சிலருக்கு விரல்கள் நுனியிலிருந்து நடு மூட்டு வரை சுண்ணாம்பு பூசியது போல வெளுத்துவிடும். எல்லோருக்கும் அப்படி வராது. என் அம்மாவுக்கு வந்தது. அம்மாவின் அக்காவுக்கு வந்தது. பள்ளிக்கூடம் போன வயதில் எனக்கும் வந்தது. வெளுக்கிற கை ராசியான கை, அது தொட்ட மீன் கொழும்பு போய்ச் சேரும்வரை கெடாது என்று எங்கள் வீட்டில் ஒரு நம்பிக்கை. மாரி முடிந்து கடல் அடங்கியதும் எங்கள் வாடியில் கட்டுகிற முதல் பெட்டியை வெள்ளைக் கைக்காரிதான் மூட வேண்டும். ஊரில் வேறு யாரும் இப்படிச் செய்வதாக நான் கேள்விப்படவில்லை. இது எங்கள் வீட்டு விசர், பைத்தியம்.

அந்த விசர் எங்கே கொண்டுபோய் விட்டது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். போன மாரியில் பெரும்பகுதியைக் கண்டியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் கழித்துவிட்டு இப்போது வீட்டில் இருக்கிறேன். சுகமாகிவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். டொக்டர்களே அந்தச் சொல்லைத் தொடுவதில்லை, "இப்போதைக்கு அடங்கியிருக்கு" என்கிறார்கள். பேனை பிடிக்க விரல் விடாது. மகள் வகுப்புக்குப் போகிற நேரங்களில் ஃபோனில் பெருவிரலால் தட்டித் தட்டி எழுதுகிறேன். பிழை இருந்தால் பெருவிரலைக் கோபித்துக்கொள்ளுங்கள்.

வாடி என்றால் மீன் வாங்கிப் பெட்டி கட்டும் கொட்டகை. எங்களுடையது திருகோணமலையில் கடற்கரையை ஒட்டி நிற்கிறது. அம்மா நடத்தியது, அவருக்குப் பிறகு நானும் தம்பி அன்ரனும். எங்கள் கரை வள்ளங்களிலும் குச்சவெளிப் பக்கத்திலிருந்தும் வருகிற பாரை, சூரை, அறக்குளா எல்லாவற்றையும் ரெஜிபோம் என்கிற வெள்ளை நுரைப் பெட்டிகளில் ஐஸோடு அடுக்கி லொறியில் ஏற்றுவோம். தம்பிக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு குறை. அவன் கை வெளுக்காது. ஐஸுக்குள் கையை விட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பான். வெளியே எடுத்தால் அவித்த இறால் நிறத்தில் இருக்கும். "உனக்கு அந்த ராசி இல்லையடா" என்று அம்மா சிரிப்பார். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

கை விறைத்தால் எங்களிடம் ஒரே வைத்தியம்தான் இருந்தது. சுடச்சுட பிளேன்ரீ ஊற்றி, கோப்பையை இரண்டு கையாலும் பொத்திப் பிடிக்க வேண்டும். வெள்ளை நீலமாகும், நீலம் சிவப்பாகும், ஊசி குத்துவது போல வலிக்கும், பிறகு கை பழையபடி கையாகிவிடும். அதற்குள் தேநீர் ஆறிப்போயிருக்கும். ஆறின தேநீரைக் குடித்தே வளர்ந்தவள் நான்.

அம்மாவுக்குக் கடைசி வருஷங்களில் முகத்துத் தோல் இழுத்துக்கொண்டு வாய் சின்னதாகிப் போனது. அப்பத்தைக்கூட நுள்ளி நுள்ளித்தான் வாயில் வைப்பார். கோயில் படியில் ஏறினால் மூச்சு வாங்கும். ஐஸ் குளிர் நெஞ்சில் இறங்கிவிட்டது என்று நாங்களே தீர்மானித்துவிட்டோம். அவர் போன பிறகு முதல் பெட்டி என் கைக்கு வந்தது.

இரண்டு வருஷத்துக்கு முன் என் மகள் நிரோ உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுக் கணினி வகுப்புக்குப் போகத் தொடங்கினாள். அந்த மண்டபத்தில் ஏசி. ஒரு நாள் வகுப்பிலிருந்து ஓடிவந்து ஃபோனில் ஒரு படம் காட்டினாள். அவளுடைய கை. நடுவிரலும் மோதிர விரலும் வெள்ளை. தம்பி துள்ளினான். லொறிச் சாரதிமாருக்கெல்லாம் கேக் வாங்கிக் கொடுத்தான். அந்த வருஷம் முதல் பெட்டியை நிரோதான் மூடினாள், எல்லோரும் கை தட்டினோம். ஐஸையே தொடாத பிள்ளைக்கு எப்படிக் கை வெளுத்தது என்று எங்களில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

எனக்கு நோய், எங்கள் பேச்சில் வருத்தம், தொடங்கியது சுட்டுவிரல் நுனியில், ஒரு சின்னப் புண்ணாக. கெளிறு மீனின் முள் குத்தியிருக்கும் என்று மஞ்சள் வைத்தேன். புண் ஆறவில்லை. விரல்கள் எல்லாம் ஊதி, கல்யாண மோதிரத்தை வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. கட்டாரில் வேலை செய்கிற என் மனிசன் அந்தச் செய்தியைக் கேட்டுவிட்டு, வெட்டின மோதிரத்தை எறியாமல் வைக்கச் சொன்னார். பிறகு பெட்டி தூக்கினால் மூச்சு வாங்கியது. வயது போகிறது, உடம்பு வைத்துவிட்டது என்று சொல்லிக்கொண்டு இன்னும் கொஞ்சக் காலத்தை ஓட்டினேன்.

கடைசியில் ஊர் ஆஸ்பத்திரிக்குப் போனேன். புண்ணைக் காட்டப் போனால் அந்த டொக்டர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாயை நல்லா ஆவெண்டு திறவுங்கோ."

"புண் விரலிலதானே டொக்டர்?"

"திறவுங்கோ அம்மா."

திறந்தேன். திறந்ததாக நான்தான் நினைத்துக்கொண்டேன். இரண்டு விரலுக்கு மேல் நுழைய இடமில்லை. அவர் என் புறங்கைத் தோலைக் கிள்ளித் தூக்கப் பார்த்தார், வரவில்லை.

"குளிருக்கு விரல் வெளுக்கிறதோ?"

"ஓம் டொக்டர், சின்ன வயசில இருந்தே! எங்கட அம்மாக்கு, பெரியம்மாக்கு, எனக்கு, இப்ப மகளுக்கும். எங்கட குடும்பத்துக்கெண்டே உள்ள கை!"

பரம்பரைப் பட்டம் சொல்வது போலச் சொன்னேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டார். அவர் முகத்தைப் பார்த்ததும் என் வாய் தானாக மூடிக்கொண்டது.

வருத்தத்தின் பெயர் சிஸ்டமிக் ஸ்கிளீரோசிஸ். எனக்கு அதைச் சொல்லவே நாக்குப் புரள ஒரு கிழமை, முழுசாக ஏழு நாள், எடுத்தது. நான் விளங்கிக்கொண்டபடி சொல்கிறேன். உடம்பில் தோலையும் தசையையும் உறுப்புகளையும் தாங்கிக் கட்டி வைத்திருக்கிற பொருளுக்குத் தொடுப்பிழையம் என்று பெயர். கிருமியை எதிர்க்க வேண்டிய உடம்பின் காவல், ஆள் தெரியாமல் அந்தத் தொடுப்பிழையத்தையும் சின்ன இரத்தக் குழாய்களையும் தாக்கத் தொடங்கிவிடுகிறது. காயம் ஆறுகிற இடத்தில் தழும்பு கட்டுவது போல உடம்பு உள்ளும் புறமும் தழும்பு கட்டுகிறது. தோல் இறுகுகிறது. சிலருக்குச் சுவாசப்பையும் இறுகுகிறது. விரல் வெளுப்பது குளிரில் இரத்தக் குழாய்கள் சுருங்கிக்கொள்வதால். அது எத்தனையோ பேருக்கு வெறுமனே வரும், ஒன்றும் செய்யாது. எங்களைப் போன்ற சிலருக்கு மட்டும் அது வருத்தம் வருமுன் அடிக்கிற மணி. அந்த மணிக்குத்தான் நாங்கள் தலைமுறை தலைமுறையாகக் கேக் வெட்டியிருக்கிறோம்.

இதற்கென்றே படித்த பெரிய டொக்டர் கண்டியில் இருக்கிறார், அங்கே போங்கள் என்று துண்டு எழுதித் தந்தார்கள். குளிர் ஆகாத ஆளை, மார்கழி மாதத்தில், மலைநாட்டுக் கண்டிக்கு! அவ்வளவு பயத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது. கட்டாரில் இருந்து மனிசன் ஆள் மூலம் கம்பளிக் கையுறை அனுப்பினார். பாலைவனத்தில் கம்பளிக் கையுறையை எந்தக் கடையில் தேடிப் பிடித்தாரோ தெரியாது. அதைப் போட்டுக்கொண்டுதான் பஸ் ஏறினேன்.

ஆஸ்பத்திரியில் முதல் சில நாட்கள் காத்திருப்பதிலேயே போயின. இரத்தம் எடுக்க உட்கார ஒரு மர வாங்கு, ஸ்கானுக்கு ஒரு வாங்கு, இருதயத்தைப் பார்க்க இன்னொரு வாங்கு. சுவாசப்பை எவ்வளவு காற்றுப் பிடிக்கிறது என்று பார்க்க ஒரு குழாயை ஊதச் சொன்னார்கள். வாய் சின்னதாகிவிட்டதால் என் உதடு குழாயைச் சுற்றிச் சரியாகப் பிடிக்கவில்லை, காற்றெல்லாம் பக்கத்தால் போனது. "இன்னொருக்கா ஊதுங்க அக்கா" என்று சொல்லிச் சொல்லி அந்தப் பிள்ளை களைத்துவிட்டாள். ஸ்கானில் சுவாசப்பையின் அடிப்பக்கம் தழும்பு தொடங்கியிருந்தது. அம்மா கோயில் படியில் நின்று மூச்சு வாங்கியது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

விரலுக்கு இரத்தம் போக ஒரு மருந்தை நாள் முழுவதும் சேலைன் போல ஏற்றினார்கள். அது ஏறும்போது முகம் எரியும், தலை வெடிக்கும், தாடை கடுக்கும். வருத்தம் இதைவிடப் பரவாயில்லை என்று சத்தம் போட்டேன். நர்ஸ் மிஸிமார் வேகத்தைக் குறைத்துவிட்டுப் போவார்கள். இரவில் போர்வைக்கு மேல் போர்வை போட்டும் கண்டிக் குளிர் எலும்பைப் பிடிக்கும்.

நிரோதான் பக்கத்தில் நின்றாள். இடியப்பத்தைக் கத்தரிக்கோலால் வெட்டிச் சொதியில் ஊறவைத்து ஊட்டினாள். போத்தல் மூடி திறப்பது, தலை வாருவது, சட்டைப் பொத்தான் பூட்டுவது எல்லாம் அவள். பொத்தான் பூட்டும்போது நான் அவள் விரல்களையே பார்த்துக்கொண்டிருப்பேன். வெளுக்கிறதா, ஊதியிருக்கிறதா, நகத்தடி சிவந்திருக்கிறதா.

"அம்மா, என்ட கையைப் பாக்காதேங்கோ. முகத்தைப் பாருங்கோ."

"பாக்கேல்லையடி."

"பாக்கிறியள். எனக்குத் தெரியும்."

தம்பி கிழமைக்கு ஒருமுறை மீன் லொறியிலேயே கொழும்பு போய், அங்கிருந்து சுற்றிக்கொண்டு கண்டிக்கு வருவான். ஆஸ்பத்திரியில் காசு வாங்குவதில்லை. ஆனால் இரண்டொரு பரிசோதனையும் ஒரு மருந்துக் குளிசையும் வெளியே வாங்க வேண்டியிருந்தது. அவன் ஆசையாக வைத்திருந்த மோட்டார் சைக்கிள் போய்விட்டது என்பது வீட்டுக்கு வந்து வெறும் முற்றத்தைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. கேட்டதற்கு, "அது சும்மா புகை கக்கினதக்கா" என்றான்.

பக்கத்துக் கட்டிலில் குருநாகல் பக்கத்துச் சிங்களப் பெண் ஒருத்தி, பெயர் நில்மினி. அவளுக்கு லூபஸ். அதுவும் எங்கள் வருத்தத்துக்கு உறவுக்காரி, அவளுக்குச் சிறுநீரகத்தில் கை வைத்திருந்தது. முதல் நாள் பார்வையாளர் நேரத்தில், கட்டிலில் படுத்திருந்த நில்மினி வாசலாலும் நடந்து வருவதைக் கண்டேன். மருந்து தலைக்கு ஏறிவிட்டது என்று நினைத்து நிரோவின் கையைப் பிடித்துக்கொண்டேன். வந்தவள் அவளுடைய இரட்டைச் சகோதரி. ஒரே முகம். ஒன்று மருந்தால் ஊதிய முகம், மற்றது ஊதாத முகம். சுகமாக இருந்தவள் தங்கைக்குச் சோறு ஊட்டிவிட்டு, வெளி விறாந்தையில் போய் நின்று அழுவாள். அழுதுவிட்டு முகம் கழுவி வந்து எனக்கும் ஒரு வாழைப்பழம் உரித்துத் தருவாள். அவளுக்குத் தமிழ் தெரியாது, எனக்குச் சிங்களம் மீன் விலை பேசும் அளவுக்குத்தான் தெரியும். மீன் விலையில் எப்படி ஆறுதல் சொல்வது?

எங்கள் வார்ட்டில் டொக்டர் ஃபர்ஹானா என்று ஒரு மூதூர்ப் பிள்ளை இருந்தா. தமிழில் கதைக்க ஆள் கிடைத்ததும் நான் அவவை விடவில்லை. எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஒன்றைத்தான் கேட்டேன்.

"இது பரம்பரையா டொக்டர்? என்ட பிள்ளைக்கும் வருமா?"

அவ கதிரையை இழுத்துப்போட்டு அதில் இருந்தா. "அக்கா, அப்பாட மூக்கு மகனுக்கு வாற மாதிரி இது நேரா வாறதில்ல. ஒரு ஜீனில, ஒரு பரம்பரையலகில மட்டும் இருக்கிற பிழையும் இல்ல. சின்னச் சின்னதாக் கனக்கப் பிழை இருக்கு. அது சேர்ந்தா ஆளுக்கு ஒரு சாய்வு இருக்கும், அவ்வளவுதான். சாய்வு இருக்கிற ஆக்கள்ல கூடுதலானவங்களுக்கு வருத்தம் வாறதே இல்ல. உங்கட வீட்டில இத்தன பேருக்கு வந்திருக்கிறது அபூர்வம்."

"இத்தன பேருக்கு வந்தா அவளுக்கும் வரும்தானே?"

"நில்மினியப் பாருங்க. அவட சகோதரிக்கும் அவக்கும் பரம்பரையலகு ஒண்டேதான். ஒராளுக்கு வந்திருக்கு, மத்தவக்கு இல்ல. வராமலே போகவும் கூடும். வள்ளத்தில சின்ன ஓட்டை இருந்தா மட்டும் வள்ளம் தாழுறதில்லையே அக்கா. காத்து, பாரம், கடல் எல்லாம் சேர வேணும். எது எது சேருது எண்டு எங்களுக்கு முழுசாத் தெரியாது."

"ஓட்டை எங்க எண்டு சொல்லுங்கோ, நான் அடைக்கிறன்."

"அடைக்கிறதுக்கு எங்களிட்ட ஒண்டும் இல்ல."

எனக்குக் கோபம் வந்தது. "அப்ப என்னத்துக்கு இவ்வளவு படிச்சனியள்?" என்று கேட்டுவிட்டேன். நிரோ என் தோளை அமுக்கினாள். டொக்டர் கோபிக்கவில்லை. "சில நாளைக்கு நானும் அதத்தான் யோசிக்கிறன்" என்று சொல்லி, சேலைன் ஏறுகிற என் கையைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தா.

நகத்தடியைப் பார்க்கிற ஒரு சோதனை இருக்கிறது. நகமும் தோலும் சேருகிற இடத்தில் ஒரு துளி எண்ணெய் விட்டு, பெருப்பிக்கிற கண்ணாடியால் பார்த்தால் மயிரைவிட மெல்லிய இரத்தக் குழாய்கள் வரிசையாகத் தெரியும். என்னுடையதைத் திரையில் காட்டினார்கள். சில குழாய்கள் புழு மாதிரி ஊதியிருந்தன, சில இடங்களில் ஒன்றுமே இல்லை. பார்த்து முடிந்ததும் நான் நிரோவின் கையைப் பிடித்து இழுத்து மேசையில் வைத்தேன்.

டொக்டர் தயங்கினா. "பாத்திட்டு என்ன செய்யப் போறம் எண்டு முதல்ல யோசிங்க அக்கா. வருத்தம் இல்லாத ஆளுக்கு மருந்து குடுக்க ஏலாது."

"நீங்கள் பாருங்கோ."

"தங்கச்சி என்ன சொல்லுறா?"

நிரோ என்னைப் பார்த்தாள். "பாருங்கோ டொக்டர். அம்மா நித்திரை கொள்ளட்டும்."

ஒவ்வொரு விரலாகப் பார்த்தா. நான் டொக்டரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மோதிர விரலில் கொஞ்சம் கூட நேரம் நின்றா. அந்த நேரத்தில் அந்தோனியாரிடம் எதையெல்லாம் நேர்ந்தேன் என்று எனக்கே நினைவில்லை. எனக்கு எது வேண்டுமானாலும் வரட்டும் என்று சொன்னது மட்டும் நினைவிருக்கிறது.

"ஒண்டு ரெண்டு குழாய் கொஞ்சம் பெருசா இருக்கு. மத்ததெல்லாம் வடிவா இருக்கு."

"அப்ப?"

"ஒண்டுமே இல்லாமலும் இருக்கலாம். வருஷத்துக்கு ஒருக்கா வந்து காட்டட்டும். குளிருக்குள்ள போகாம, கையச் சூடா வெச்சிருக்கட்டும். விரல் ஊதினா, புண் வந்தா, வெளுக்கிறது கூடினா உடனே வரட்டும்."

"இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் எண்டா நான் எதைப் பிடிச்சுக்கொண்டு இருக்கிறது டொக்டர்?"

அவ எண்ணெய் துடைக்கப் பஞ்சு எடுத்து நிரோவிடம் கொடுத்தா. எனக்கு மருந்து இருந்தது. கொஞ்சமாவது இருந்தது. என் பிள்ளைக்குக் காத்திருப்பதைத் தவிர ஒன்றும் இல்லை. வருத்தம் என்று சொன்னாலாவது மல்லுக்கு நிற்கலாம், இல்லை என்றால் கும்பிட்டுவிட்டுப் போகலாம். இரண்டும் இல்லாத இடத்தில் ஒரு தாய் என்ன செய்வாள்? நான் செய்தது இவ்வளவுதான். வீட்டுக்கு வந்ததும் ஃபிரிட்ஜில் தண்ணீர் வைப்பதை நிறுத்தினேன். கணினி வகுப்பில் ஏசிக்குத் தள்ளி அவளை இருத்தச் சொல்லி ஆசிரியரிடம் கதைத்தேன். கம்பளிக் கையுறையை அவளிடம் கொடுத்தேன். "திருகோணமலை வெயிலுக்கு இதைப் போட்டுக்கொண்டு போனா விசரி எண்டுவினம்" என்று திருப்பித் தந்துவிட்டாள்.

ஒரு நாள் அவளாகவே சொன்னாள். "அம்மா, எனக்கு இப்ப வெளுக்கிறேல்ல. கண்டியால வந்த பிறகு ஒருக்காலும் வரேல்ல."

"மெய்யாவோ?"

"மெய்யாத்தான்."

அன்று இரவு நன்றாக நித்திரை கொண்டேன்.

மாரி முடிந்தது. போன கிழமை வாடியில் முதல் பெட்டி கட்டுகிற நாள். நான் ஐஸுக்குக் கிட்டப் போகக் கூடாது. ஆனாலும் வீட்டில் இருக்க மனம் கேட்கவில்லை. கதிரையைத் தள்ளிப் போட்டு வெயிலில் இருந்தேன். பாரை மீன் அடுக்கி, ஐஸ் கொட்டியாகிவிட்டது. நிரோவும் சவலால் இரண்டு தரம் ஐஸ் அள்ளிக் கொடுத்தாள், நான் சத்தம் போட்டதும் விலகி நின்றாள். மூடியை எடுத்து வைத்துக்கொண்டு வேலையாட்கள் எல்லோரும் அவளைத்தான் பார்த்தார்கள்.

"நீ அங்கால போ பிள்ளை" என்றான் தம்பி. மூடியை வாங்கி, தன் கையாலேயே அமுக்கி மூடி, டேப் ஒட்டினான். "இனி இந்த வாடியில வெள்ளைக் கைக் கதை கதைக்கப்படாது. மீன் கெட்டா கெடட்டும்."

ஒருவரும் கை தட்டவில்லை. லொறியில் பெட்டியை ஏற்றிவிட்டு வந்தவன், மிச்ச ஐஸ் கிடந்த தொட்டிக்குள் சின்ன வயதில் விட்டது போல இரண்டு கையையும் விட்டான். வெகுநேரம் நின்றான். வெளியே எடுத்தபோது அதே இறால் நிறம்.

"எனக்கு வந்திருக்கக் கூடாதோ அக்கா?" என்றான். "நான்தானே ஆசைப்பட்டனான்."

நில்மினியின் சகோதரி விறாந்தையில் நின்று அழுததும் இதை நினைத்துத்தான் என்று தோன்றியது.

பிளேன்ரீ வந்தது. பங்குனி வெயில், எல்லோருக்கும் வியர்த்து ஊற்றியது. தம்பி ஊதி ஊதிக் குடித்தான், நானும் குடித்தேன். நிரோ தன் கோப்பையை, நான் முன்பு பிடிப்பது போலவே, இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு மாமனைச் சிரிக்க வைக்க ஏதோ பகிடி சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் நெற்றியிலும் வியர்வை. தேநீரை வாய்க்குக் கொண்டுபோகவில்லை.

"ஆறப்போகுது, குடி பிள்ளை" என்றான் தம்பி.

"குடிக்கிறன் மாமா."

பகிடி முடிந்து, இன்னொரு பகிடியும் முடிந்தது. பிறகுதான் ஆறின தேநீரை ஒரே மடக்கில் குடித்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். நான் அன்று ஆஸ்பத்திரியில் அவள் சொன்னபடியே, கையைப் பார்க்காமல் அவளுடைய முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.